பெண்கள் பக்கத்து வீடியோ

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எட்டு வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சில காலத்துக்கு முன்புவரை, மாலையில் அதன் படிகளில் ஏறினால் ஒரு கதவுக்குப் பின்னால் சண்டைக் காட்சி கேட்கும், அடுத்ததற்குப் பின்னால் யாரோ அழும் நாடகம், அதற்கு மேலே பழைய பாட்டு. எல்லாம் ஒரே கணினியிலிருந்து வந்தவை. அந்தக் கணினி மூன்றாம் மாடியில், பஸீரின் வீட்டு ஹோலில், சாப்பாட்டு மேசைக்கும் யன்னலுக்கும் இடையில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மேலே ஒரு துவாய் விரித்து மூடியிருக்கிறார்.

பஸீர் புதுக்கடையில் பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்கு விடுவிக்கும் நிறுவனத்தில் இளம் வயதில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார். துறைமுகத்துக்கு வந்து இறங்கும் கொள்கலன்களைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது வேலை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு, ஒரு முத்திரையிலிருந்து அடுத்த முத்திரைக்கு ஓட வேண்டும். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்ற பேச்சு அவருக்கு ஆகாது. அன்றைய சிக்கலை அன்றைக்கே அறுத்துவிட வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். கசியும் குழாயை மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துகிறவர்.

மனைவி உம்மு குல்தூம் பேருவளைக்காரி. சத்தமாகச் சிரிப்பார். அக்கம்பக்கத்தாரை நன்றாகக் கேலி செய்வார். ஆனால் கமரா என்றால் ஆகாது. கல்யாண வீடுகளில் படமெடுக்கும் நேரம் அவரைத் தேடினால் சமையலறையில் இருப்பார். ஒரே மகள் சஹ்லா கைத்தொலைபேசியை நீட்டினால் உள்ளங்கை வந்து திரையை மறைக்கும். அந்தக் குடும்பத்தின் எத்தனையோ சிறு வீடியோக்களில் அவர் ஒரு குரலாகவும் ஒரு கையாகவும் மட்டுமே இருக்கிறார்.

கொரோனா ஊரடங்கில்தான் கணினியின் காலம் தொடங்கியது. அதுவரை பஸீர் படங்களைத் தனக்காக மட்டும் சேர்த்து வைத்திருந்தார். கட்டடமே அடைபட்டுக் கிடந்த நாட்களில், கீழ்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் சவுந்தரநாயகம் பல்கனியிலிருந்து மேலே பார்த்துக் கத்தினார்.

“பஸீர், உம்மட்ட ஏதும் படம் இருக்கே? இந்தச் செய்தியைப் பாத்துப் பாத்து எனக்கு நெஞ்சு அடைக்குது.”

பஸீர் ஒரு பென் டிரைவில் படங்களை நிரப்பி, அதை ஷொப்பிங் பையில் போட்டு, கயிறு கட்டி இறக்கினார். மறுநாள் அதே பையில் பென் டிரைவும் கொஞ்சம் பருத்தித்துறை வடையும் மேலே வந்தன. அடுத்த வீட்டார் கேட்டார்கள். பிறகு மேல் வீட்டார். பை ஏறி இறங்கிக் களைத்தது. பஸீர் இணையத்தில் தேடி ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தார். கணினியின் வன்தட்டில் எந்த வீடியோவைப் போட்டாலும், அதே இணைப்பில் இருக்கும் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அது தானாக வந்து நிற்கும். அவரவர் ரிமோட்டை எடுத்து அவரவர் விரும்பியதைப் பார்க்கலாம். கட்டடத்துக்கே அவர் பெயரில் எடுத்த ஒரு இணைய இணைப்புத்தான். படிக்கட்டுச் சுவரோரம் வயர் இழுத்தார். ஊரடங்கு முடிவதற்குள் எட்டு வீடுகளும் அவருடைய பார்வையாளர்கள்.

“உம்மட தியேட்டரில இடைவேளையே இல்லை,” என்றார் சவுந்தரநாயகம். “நான் எப்ப தேத்தண்ணி குடிக்கிறது?”

உம்மு குல்தூம் வேறு மாதிரிக் கேலி செய்தார். “கொம்பியூட்டருக்கு உள்ளுக்கு மூணு காத்தாடி. மனுசிக்கு மேல ஒண்டு. அதுவும் கிறீச் கிறீச்சுண்டு கத்துது.”

கடற்காற்றில் உப்பேறும் என்பதால் கணினியைத் திறந்து தூரிகையால் துடைப்பார் பஸீர். மனைவி பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே துடைப்பார். அவருக்கு அது நல்ல காலம். ஓய்வு பெற்றபின் முதல்முறையாக மனிதர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அப்படி ஒரு மாலை உம்மு குல்தூம் கேட்டார்: “சஹ்லாட வாப்பா, கலியாணத்துட பென் டிரைவ் ஈக்கித்தானே? எங்கட பக்கத்து வீடியோ. அதையும் ஒங்கட கொம்பியூட்டர்ல போடுங்களேன். பெரிய டீவில பாக்கணும் போல ஈக்கி.”

அது சஹ்லாவின் மெஹெந்தி இரவில் எடுத்தது. ஊரடங்குக்கு முந்தின ஆண்டு, பாமன்கடையில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. மேல்மாடி பெண்களுக்கு, கீழே ஆண்கள். மேலே ஆண் வாசனையே கிடையாது. பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு, நகை போட்டு, பாடி, ஆடி இருப்பார்கள். அதைப் படமெடுக்கப் பர்ஹா என்ற பெண் வந்திருந்தார். பெண்கள் பக்கம் மட்டுமே எடுப்பவர். அவருக்கு ஊரில் இருந்த நல்ல பெயருக்குக் காரணம் அவருடைய ஒரு வழக்கம். வீடியோவை வெட்டி ஒட்டி முடித்ததும் இரண்டு பென் டிரைவ்களில் போடுவார். ஒன்று பெண் வீட்டுக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு. பிறகு தன் மடிக்கணினியைத் திறந்து, மணப்பெண்ணின் தாயின் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழிப்பார். “எங்கட கையில ஒண்டும் மிஞ்சாது ராத்தா, பயப்புட வேணாம்,” என்பார். அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள்.

அந்த இரவில் பஸீர் கீழே சஹன் சாப்பாட்டை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிடும் விருந்து. எந்தச் சஹனுக்கு இறைச்சி குறைகிறது, எதற்குத் தண்ணீர் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவருக்கு மேலேயிருந்து ரபான் அடிக்கும் சத்தம் கேட்டது. மடியில் வைத்துக் கையால் அடிக்கும் தோற்பறை. அடி கட்டடத்தையே குலுக்கியது. பக்கத்து வீட்டார் ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று அவருக்குப் பதற்றம். சமையற்காரரின் மனைவி படியேறிக்கொண்டிருந்தார். “சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க,” என்று சொல்லியனுப்பினார். சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களாக இருக்கும், என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டு இறைச்சிச் சட்டிக்குத் திரும்பினார். அதோடு மறந்தும் போனார்.

மனைவி கேட்டபடி பஸீர் அந்த வீடியோவை வன்தட்டில் போட்டார். தொலைக்காட்சியைப் போட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பல்கனிக்குப் போய், கதிரையைக் கடல் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். தன் மனைவியைப் பார்க்க அவருக்குத் தடையில்லை. ஆனால் அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் தாய் இருக்கிறார், சகோதரிகள் இருக்கிறார்கள், தெரிந்தவர்களின் மனைவிமார் இருக்கிறார்கள். எல்லோரும் தலை மூடாமல். அது அவர் பார்க்கும் படமல்ல. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அப்படித்தான் வளர்ந்தவர். உள்ளே சிரிப்பும் ரபானும் கேட்டன. கீழே ரயில் ஒன்று வெறுமையாகப் போனது. படம் முடிந்ததும் மனைவி கூப்பிட, உள்ளே வந்தார்.

அங்கேதான் பிழை நடந்தது. திரையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டதால், அந்த வீடியோ தொலைக்காட்சியில் எப்படி வந்து நிற்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. அந்த மென்பொருள் புதிதாக வந்த எதையும் முதல் வரிசையில் வைக்கும். படத்தின் நடுவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து அட்டைப்படமாகவும் ஒட்டிவிடும். அது எடுத்த காட்சியில் உம்மு குல்தூம் இருந்தார். தலை மூடாமல், மடியில் ரபானோடு. எட்டு வீட்டுத் தொலைக்காட்சிகளிலும், எல்லாப் படங்களுக்கும் மேலே.

இரண்டு நாட்கள் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் படிக்கட்டில் சவுந்தரநாயகத்தின் மனைவி சுபோதினி மரக்கறிப் பையோடு எதிரே வந்தார். முகம் மலர்ந்து உம்மு குல்தூமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நீங்கள் இப்பிடி ரபான் அடிப்பீங்கள் எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது. நான் ரெண்டு தரம் போட்டுப் பாத்தனான்.”

“எதுல பாத்தீங்க?”

“டீவியிலதான். உங்கட படம் போட்டு மேலால வந்து நிண்டுதே.”

உம்மு குல்தூம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். “வேற யாரு பாத்த?”

“இவர் நித்திரை. இவருக்கு எங்க? மேல் வீட்டுப் பெடியள் பாத்தினமோ தெரியாது.” சொல்லும்போதே சுபோதினிக்கு ஏதோ பிழையாகிவிட்டது என்று புரிந்தது. “ஏனக்கா? பாக்கக் கூடாததே?”

மேல் வீட்டில் வங்கியில் வேலை செய்யும் நான்கு இளைஞர்கள் வாடகைக்கு இருந்தார்கள். உம்மு குல்தூம் வீட்டுக்குள் வந்து பர்தாவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மாப்புளட உம்மா தல மூடாம ஈக்கிறாங்க அதுல. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்ற?” என்றார். பஸீர் கணினியின் முன் போய் உட்கார்ந்தார். உம்மு குல்தூம் பின்னாலிருந்து சொன்னார்: “மத்தவங்களுக்குத் தெரியாம வைங்க. எப்பிடியாச்சும் செய்ங்க. ஆனா எனக்கு அது வேணும்.”

“நான் பாக்கிறன்,” என்றார் பஸீர்.

ஒரு வீடியோவை மட்டும் மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்க வழி உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம். கேட்டால், எதை மறைக்கப்போகிறீர்கள் என்ற கேள்வி வரும். தேடிப் படிக்கலாம், அதற்கு நேரமெடுக்கும். அவர் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் படம் எட்டுத் திரைகளில் நிற்கும். கோப்பின் மேல் கையை வைத்தார். ‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று கணினி கேட்டது. ஆம் என்றார். அது போதாது என்று தோன்றியது. பென் டிரைவைச் சொருகி அதையும் வெறுமையாக்கினார். பிறகு கணவனோடு டோஹாவில் இருந்த சஹ்லாவுக்கு அழைத்து, இங்கே இப்படி ஆகிவிட்டது, உன்னிடம் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பென் டிரைவிலும் ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். மகள் பயந்துபோய், அழைப்பைத் துண்டிக்காமலே அழித்தாள்.

அசர் தொழுகைக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. கொள்கலன் துறைமுக வாசலைத் தாண்டி வெளியே போகும்போது வருமே, அதே நிம்மதி.

“முடிச்சிட்டன். இனி ஒருத்தரும் பாக்க ஏலாது,” என்றார் மனைவியிடம்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் உம்மு குல்தூம். அதன் பிறகும் நெடுநாள் மேல் வீட்டு இளைஞர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டால், அது அடங்கும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டுத்தான் வெளியே போவார். ஆனால் வீடியோ வீட்டில் எங்கோ பூட்டி இருக்கிறது என்றே நினைத்தார். பஸீருக்கு அது தெரிந்தது, சில நாட்கள் கழித்து உலர்த்திய துணியை மடித்துக்கொண்டே அவர் கேட்டபோது.

“அது பத்திரமா ஈக்கித்தானே?”

“ஓ, ஈக்கி,” என்றார் பஸீர்.

சொல்லியிருக்கலாம். அப்போது அது ஒரு சண்டையோடு போயிருக்கும். உம்மு குல்தூம் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் அதை வைத்தே கேலி செய்திருப்பார். பிறகு எப்போதோ அந்த மென்பொருளின் அமைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு கோப்புறைக்கும் பக்கத்தில் ஒரு சிறிய சதுரம் இருப்பதைக் கண்டார். அதில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அந்தக் கோப்புறை வேறு எவருக்கும் தெரியாது. அவ்வளவுதான். ஒரு சொடுக்கு. பஸீர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

கணினி தொடர்ந்து ஓடியது. மின்வெட்டு நாட்களிலும், பெற்றோலுக்கு வரிசை நின்ற நாட்களிலும், மின்சாரம் வந்த நேரத்தில் கட்டடம் படம் பார்த்தது. பஸீர் புதிய தொடர்களை இறக்கி இறக்கி வன்தட்டை நிரப்பினார். சவுந்தரநாயகத்துக்குத் துப்பறியும் படங்கள், சுபோதினிக்குக் குடும்ப நாடகங்கள்.

பிறகு உம்மு குல்தூமுக்கு மார்பில் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை, மருந்து, மறுபடி மருந்து. கடைசியில் வைத்தியசாலைக்காரர்களே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். காற்று வரும் என்று கட்டிலை ஹோலில் போட்டார் பஸீர், யன்னலோரம், கணினிக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்த மூன்று நான்கு நாட்களில், வலி குறைந்திருந்த ஒரு காலைப் பொழுதில் உம்மு குல்தூம் சொன்னார்: “சஹ்லாட வாப்பா, அந்த வீடியோவப் போடுங்களேன். என்னட ஒடம்பு நல்லா ஈந்த நேரம் எப்பிடி ஈந்தனெண்டு பாக்கணும்.”

பஸீர் கணினியைப் பார்த்தார். அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “இது ரெண்டு நாளா மக்கர் பண்ணுது. பாத்துட்டுப் போடுறன்,” என்றார். மனைவி கண் அயர்ந்ததும் மின்கம்பியைப் பிடுங்கினார்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற எட்டு வீட்டுத் திரைகளும் இருண்டன. இரண்டாம் நாள் சுபோதினி கோழி சூப்போடு வந்தார். பஸீர் ஹலால் கடையிலிருந்து வாங்கிக் கொடுத்த கோழி. அக்காவுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே கேட்டார்.

“நானா, டீவியில ஒண்டும் வருதில்லை. இவர் பேய் பிடிச்ச மாதிரி வீட்டுக்குள்ள உலாவுறார்.”

“ஒடஞ்சிட்டு,” என்றார் பஸீர்.

உம்மு குல்தூம் தலையணையிலிருந்து சொன்னார்: “சஹ்லாட வாப்பாக்கு ஏலாத வேல ஒண்டும் ஈக்கா? சுபோதினி, எழுதி வைங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

அன்று மாலை பஸீர் கணினியைப் பையில் போட்டு முச்சக்கர வண்டியில் பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோனார். கணினிக் கடைகள் அடுக்கடுக்காக உள்ள கட்டடம். முதல் இரண்டு கடைகளில் கேட்க வாய் வரவில்லை. மூன்றாவதில் ஒரு சிங்கள இளைஞன் இருந்தான். அவனிடம் விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னார். அழித்தது எப்போது என்று அவன் கேட்டான். சொன்னார். அவன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வன்தட்டைத் தன் கணினியில் பொருத்தி, தேட விட்டான். திரையில் பெயர்கள் ஓடின. பஸீர் நின்றுகொண்டே இருந்தார். முன்னால் இருந்த நாற்காலியில் உட்காரும்படி அவன் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

“அங்கிள், அழிச்ச உடனே நிறுத்தியிருந்தா எடுத்திருக்கலாம்,” என்றான் அவன். “அழிச்சாலும் அது உள்ளே கிடக்கும். அந்த இடத்தில வேற ஏதாவது எழுதுற வரைக்கும்தான். இது மேல மேல எழுதியிருக்கு. நிறையப் படம் போட்டிருக்கீங்கதானே?”

“ஓவ்,” என்றார் பஸீர். நிறையப் போட்டிருந்தார். துப்பறியும் படங்கள், குடும்ப நாடகங்கள்.

பென் டிரைவையும் கொடுத்தார். அழித்த பிறகு அதிலும் அவர் படங்களை நிரப்பி நிரப்பிப் பயன்படுத்தியிருந்தார். அதிலும் ஒன்றுமில்லை. பர்ஹாவின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தார். பர்ஹா மறக்கவில்லை. “நானா, ராத்தா பாத்துக்கொண்டு ஈக்கக்குள்ளதானே அழிச்சேன். நாங்க ஒண்டும் வெக்கிறல்லே,” என்றார். குரலில் ஒரு சிறு பெருமை. அவருடைய நேர்மையில் குறை சொல்ல வழியில்லை.

வீட்டுக்கு வந்து கணினியை அதே இடத்தில் வைத்தார்.

“செஞ்சாச்சா?” என்றார் உம்மு குல்தூம்.

“பாட்ஸ் ஒண்டு வரணுமாம்.”

அவர் கணவனை நெடுநேரம் பார்த்தார். குடும்பம் நடத்திய ஆண்டுகள் முழுதும் பஸீர் எந்தப் பாகத்துக்காகவும் காத்திருந்ததை அவர் பார்த்ததில்லை. “அழிஞ்சீந்தா அழிஞ்சிட்டுண்டு சொல்லுங்க,” என்றார். “நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

பஸீர் தலையணையைச் சரிசெய்தார். போர்வையை இழுத்துவிட்டார். “வரும்,” என்றார்.

அதற்குப் பிறகு உம்மு குல்தூம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை லுஹர் தொழுகை நேரத்தில் மௌத்தானார்.

ஜனாஸா அன்று மாலையே அடக்கப்பட்டது. சஹ்லா விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாயின் முகத்தைப் பார்க்க முடியாத மகள், இரண்டு நாள் கழித்து அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

“வாப்பா, உம்மாட அந்த வீடியோ ஈக்கித்தானே?”

பஸீர் கலைந்து கிடந்த துணியொன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவள் புரிந்துகொண்டாள்.

“ஒங்ககிட்ட ஈக்குமுண்டு நெனச்சித்தானே நான் என்னடத அழிச்சன்,” என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இருவரும் சேர்ந்து தொலைபேசிகளைத் துழாவினார்கள். நோன்புப் பெருநாள், பேரப்பிள்ளையின் பிறந்தநாள், காலிமுகத்திடல். ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கை வந்து திரையை மறைத்தது. “எடுக்காதீங்க புள்ள,” என்றது குரல். இருந்த நிழற்படங்களிலெல்லாம் தெளிவானது கடவுச்சீட்டுக்காக எடுத்தது. அதில் உம்மு குல்தூம் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார்.

சஹ்லா டோஹாவுக்குத் திரும்பிய பின், வீட்டில் சுபோதினியின் சூப்புப் பாத்திரம் கிடந்தது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இரு வீட்டிலும் இல்லை. பஸீர் அதில் பேரீச்சம்பழத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு ஒரு மாடி இறங்கினார். சவுந்தரநாயகம் கதிரையை இழுத்துப்போட்டார். சுபோதினி தேநீர் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

“தங்கச்சி,” என்றார் பஸீர். “அந்த வீடியோவுல என்ன ஈந்திச்சி?”

சுபோதினி கணவனைப் பார்த்தார். “நானா, நான் அண்டைக்குத் தெரியாமல்தான்...”

“அதில்ல. நீங்க பாத்தீங்கதானே. எனக்குச் சொல்லுங்க.”

“நீங்கள் பாக்கேல்லையா?”

“இல்ல. நான் பாக்கல்ல.”

சவுந்தரநாயகம் எழுந்தார். “இது நான் இருந்து கேக்கிற விசயமில்லை,” என்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், கதவையும் சாத்திக்கொண்டார். சாத்திய கண்ணாடிக்கு அப்பால், கதிரையைக் கடல் பக்கம் திருப்பிப்போடுவது தெரிந்தது.

சுபோதினி யோசித்து யோசித்துச் சொன்னார். அக்கா பாயில் இருந்தவ. கடுகு நிறச் சேலை, கரையில சின்னச் சின்னக் கண்ணாடி. பஸீருக்கு அந்தச் சேலை தெரியும், அலுமாரியில் இருக்கிறது. அக்கா மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துப் பாட்டுப் பாடினவ: மாப்பிள்ளைக்கு மீசை வைக்க மறந்துபோனீங்களோ, இனி வைக்கிற நோக்கம் இருக்கோ என்று. அந்த அம்மாவும் சிரிச்சுச் சிரிச்சுப் பதில் பாடினவ. அக்காவின் தலைமயிர் அவிழ்ந்து விழுந்தது, அதைக் கட்டக் கூட அவவுக்கு நேரமில்லை.

“பிறகு ஆரோ ஒரு மனிசி மேல வந்தவ. கீழ நானா சத்தத்தைக் குறைக்கச் சொல்றார் எண்டு சொன்னவ. அக்கா அடிக்கிறதை நிப்பாட்டினா. எல்லாரும் பேசாமல் இருந்திச்சினம். அக்கா கமராவைப் பாத்து, ‘அவருக்குக் கேக்குதா? கேக்கட்டும்’ எண்டு சொல்லிப்போட்டு, நானா, அதுக்குப் பிறகு அடிச்சா ஒரு அடி...”

சுபோதினி சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளாலும் தட்டிக் காட்டினார். தாளம் வரவில்லை. “இப்பிடி இல்லை,” என்று நிறுத்திவிட்டார்.

“கேட்டிச்சி,” என்றார் பஸீர். “எனக்குக் கேட்டிச்சி.”

தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பின்னும் அவர் அவ்வப்போது கீழே போகிறார். மேல் வீட்டு இளைஞர்கள் மாறிப் போய்விட்டார்கள். தியேட்டர் எப்போது திறக்கும் என்று சவுந்தரநாயகம் கேட்பார். பாட்ஸ் வர வேண்டும் என்பார் பஸீர். சவுந்தரநாயகம் தலையாட்டிவிட்டு, பத்திரிகையை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போவார். சுபோதினி மறுபடியும் சொல்வார். அவருக்கு இப்போது அது மனப்பாடமாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது கொஞ்சம் நகர்கிறது. மீசைப் பாட்டில் ஒரு வரி கூடுகிறது. போன கிழமை, அக்கா ‘கேக்கட்டும்’ என்று சொன்னது படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து என்றார். முதல் நாள் கமராவைப் பார்த்து என்று சொன்னவர் அவர்தான்.

பஸீர் திருத்தவில்லை. கமராவா, படிக்கட்டா என்று போட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியேறினார்.